வரி வடித்த கார்

மலிவு விலைக் கார் என்றதும் ஹென்றி ஃபோர்டின் பெயரைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறோம். 1920-களின் பிரிட்டனில் நடுத்தரக் குடும்பங்களின் வாசலில் வந்து நின்றதோ ஆஸ்டின் செவன். அதை உருவாக்கியதில் பொறியாளர்களுக்கு இருந்த பங்கு வரிச் சட்டத்துக்கும் உண்டு. 1921 முதல் அங்கே ஒரு குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு 1 பவுண்டு கார் வரி. அந்தக் குதிரைத்திறனை யாரும் இன்ஜினை ஓட்டிப் பார்த்து அளக்கவில்லை. சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தை சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுத்தார்கள், பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பது கணக்கிலேயே வராது. ஃபோர்டின் மாடல் டி-க்கு விட்டம் 3.75 அங்குலம், சிலிண்டர்கள் நான்கு. விடை 22.5, வரி 23 பவுண்டு. மான்செஸ்டரிலேயே தயாரான கார்தான், விலையும் குறைவுதான். ஆனால், வருடா வருடம் வரி கட்டுவது யார்?

லாங்பிரிட்ஜில் இருந்த ஆஸ்டின் நிறுவனமும் அப்போது பெரிய கார்களை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டு, 1921-ல் கடன்காரர்களின் மேற்பார்வைக்குள் போயிருந்தது. சின்னக் கார் செய்வோம் என்றார் ஹெர்பர்ட் ஆஸ்டின். இயக்குநர் குழு மசியவில்லை. மனிதர் தன் வீட்டு பில்லியர்ட்ஸ் அறையில், ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயது வரைவாளரை உட்காரவைத்து வரைபடம் போட்டார். சொந்தப் பணத்தையும் போட்டார். விற்கும் ஒவ்வொரு காருக்கும் 2 கினி தனக்கு என்று பேசிக்கொண்டார். 1922-ல் கார் வெளிவந்தது. விரைவிலேயே நிலைபெற்ற 747 சிசி இன்ஜினில் விட்டம் 56 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 76. குறுகலாக, உயரமாக இருந்த அந்தச் சிலிண்டர்களைச் சூத்திரத்தில் போட்டால் 7.8 வரும், வரி 8 பவுண்டு.

வரி எல்லோருக்கும் பொதுதானே, மற்றவர்களும் சின்னக் கார் செய்தார்களே என்று கேட்கலாம். செய்தார்கள். மோட்டார் சைக்கிள் இன்ஜினை வைத்து, சங்கிலியோ பெல்ட்டோ மாட்டி ஓடவிட்ட வண்டிகள் அவற்றில் பல. ஆஸ்டினுக்கும் முதலில் இரண்டு சிலிண்டர் யோசனைதான் இருந்தது. நான்கு வேண்டும் என்று வாதாடியவர் அந்தப் பையன். தண்ணீரால் குளிரும் நான்கு சிலிண்டர், நான்கு சக்கரத்திலும் பிரேக் என்று, பெரிய காரையே அளவு குறைத்துத் தைத்ததுபோல் அது அமைந்தது. வரி அளவைச் சொன்னது. அந்த அளவுக்குள் முழுக் காரை அடக்கியது எட்ஜின் பிடிவாதம். தொடக்க விலையான 225 பவுண்டு மலிவில்லை என்பதும் நியாயமான ஆட்சேபம். ஆனால், அது சீக்கிரமே 165-க்கு இறங்கியது. 1939 வரை சுமார் 2,90,000 கார்கள் தயாராகின.

ஜெர்மனியின் ஐசனாக்கில் இதை உரிமம் வாங்கித் தயாரித்த டிக்ஸி நிறுவனத்தை 1928-ல் பிஎம்டபிள்யூ வாங்கியது. பிஎம்டபிள்யூவின் முதல் காரும் இதுவே. வரி வாதத்துக்கு இது இடிக்கிறதா? அங்கேயும் இன்ஜின் அளவைப் பார்த்துத்தான் வரி. அப்படிப்பட்ட வரி நெருக்கடி இல்லாத அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் பட்லர் நகரில், 1930-ல் இதையே தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் சில ஆண்டுகளில் நொடித்துப்போனது. பொருளாதார மந்தம் ஒரு காரணம்தான். ஆனால், அங்கே ஏறக்குறைய அதே விலைக்கு முழு அளவு ஃபோர்டே கிடைத்தது.