வேலணைக் கிணறும் கொழும்பு வரவு செலவுத் திட்டமும்

வேலணைக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், இடம்பெயர்ந்து வாழும் எமது மக்கள் முதலில் வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை. கூரை போனதும் கதவு நிலை போனதும் அவர்களுக்குத் தெரியும். "சுவாமி, கிணத்துத் தண்ணி என்ன மாதிரிக் கிடக்கு?" என்றுதான் கேட்கின்றார்கள். 1991இல் தீவை விட்டு வெளியேறி, பல இடங்களில் இருந்து, இன்று வன்னியில் மகனுடன் வாழும் பெரியவர் ஒருவர், ஒரு முறை வெற்றுச் சோடாப் போத்தல் ஒன்றை என் கையில் தந்து, "எங்கட தோட்டக் கிணத்திலை அள்ளிக்கொண்டு வாங்கோ" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மிடறு வாயில் வைத்திருந்து துப்பினார். "முப்பது வருசமா இறைக்காத கிணறு, சேறு எடுத்தாச் சரிவரும் எண்டு நினைச்சிருந்தன். இது உவராப் போச்சு, சுவாமி." அதற்குப் பிறகு அன்று அவர் அதிகம் பேசவில்லை.

அந்தப் போத்தல் தண்ணீருக்கும் கொழும்பில் ஆண்டுதோறும் கார்த்திகை மாதத்தில் வாசிக்கப்படும் வரவு செலவுத் திட்டத்துக்கும் தொடர்பு உண்டு. அதைப் பற்றித்தான் இம்முறை எழுதுகின்றேன். பாதீடு, திறைசேரி, காலநிலை மாற்றம் என்ற சொற்களைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தோட்டத்துக்கு இறைக்கத் தெரிந்தவர்களுக்கு விளங்காத விடயம் இதில் ஒன்றும் இல்லை.

மிதக்கும் நன்னீர்

எமது தீவுகளில் ஆறு இல்லை. குடாநாட்டிலும் வழுக்கையாறு மாரியில் மட்டுமே ஓடும். எமக்கு உள்ளதெல்லாம் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைதான். அது சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளிலும், சாட்டி, அல்லைப்பிட்டிப் பக்கத்து மணலிலும் இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. அங்கே ஏற்கெனவே கடல்நீர் இருக்கின்றது. உப்புநீர் கனமானது, மழைநீர் அதைவிட இலேசானது. எனவே நன்னீர் கடல்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்ட கணக்கு. கணக்கு மறுபக்கமாகவும் வேலை செய்யும். மேலே நீர்மட்டம் ஓர் அடி நிரந்தரமாக இறங்கினால், கீழே உப்பு 40 அடி ஏறிவரும்.

துலாவும் பட்டையும் வைத்து இறைத்த காலத்தில் எமது முன்னோருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்காது. ஆனால் அவர்களின் இறைப்பு அதற்குள் அடங்கியிருந்தது. ஒரு துலாவால் ஒரு நாளில் அள்ளக்கூடியது எவ்வளவு? வாட்டர் பம் வந்த பிறகு ஒரு மணித்தியாலத்தில் கிணற்றின் அடி தெரியும்வரை இறைக்கலாம் என்றாகிவிட்டது. இதில் பம்மைக் குறை சொல்லிப் பயனில்லை. அதை வாங்குவதற்குக் கடன் கொடுத்தவர்கள், கிணற்றுக்கு மழைநீரைத் திருப்பிக் கொடுக்கும் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் அதே அளவு காசு ஒதுக்கினார்களா என்பதே என் கேள்வி.

இப்பொழுது அந்த வில்லைக்கு இரண்டு பக்கத்தாலும் நெருக்குதல் வருகின்றது. 1901ஆம் ஆண்டுக்கும் 2018ஆம் ஆண்டுக்கும் இடையில் உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. அண்மைக் காலத்தில் அந்த வேகம் கூடியிருக்கின்றது. மழையோ பெய்கின்ற முறையை மாற்றிக்கொண்டு வருகின்றது. வெப்பமான காற்றும் கடலும் கூடுதலான நீரை ஏந்திக்கொண்டு ஓரிரு நாட்களில் கொட்டிவிடுகின்றன. 2008 கார்த்திகையில் நிஷா, 2020 மார்கழியில் புரவி, 2025 கார்த்திகையில் டித்வா என்று எமது மக்கள் நன்றாக அறிந்த பெயர்கள் இவை. பத்து வாரம் பெய்ய வேண்டிய மழை இரண்டு நாளில் பெய்தால் அது நிலத்துக்குள் இறங்காது. வீட்டுக்குள் புகுந்து, வயலை அழித்து, கடலுக்குப் போய்விடும். அடுத்த வைகாசியில் அதே ஊருக்கு பவுசரில் தண்ணீர் கொண்டுபோக வேண்டியிருக்கும். வெள்ள நிவாரணமும் வரட்சி நிவாரணமும் ஒரே ஊரில் ஒரே ஆண்டில் கொடுக்கப்படுவதை நான் கண்டிருக்கின்றேன். இரண்டுக்கும் வெவ்வேறு படிவம்.

ஆவணம் ஓரிடத்தில், பணம் இன்னோரிடத்தில்

ஆவணங்களுக்கு இலங்கையில் குறைவில்லை. 1992இல் றியோ டி ஜெனீரோவில் காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையில் இலங்கை கையொப்பமிட்டு, 1993இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. அந்த ஆண்டுகளில் எமது மக்கள் பாடசாலைகளிலும் கோவில் மண்டபங்களிலும் இருந்தார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்கின்றேன். 2008இல் சுற்றாடல் அமைச்சின் கீழ் காலநிலை மாற்றச் செயலகம் அமைக்கப்பட்டது. 2012இல் தேசிய கொள்கை வந்தது. 2016இல் பாரிஸ் உடன்படிக்கை உறுதிப்படுத்தப்பட்டது. காலநிலை மாற்றத்துக்கு இசைவாக்கம் பெறுவதற்கான தேசிய திட்டமும் 2016 முதல் 2025 வரையான காலத்துக்கு எழுதப்பட்டது. அந்தக் காலம் முடிந்துவிட்டது.

இவற்றை எழுதுவது சுற்றாடல் அமைச்சு. பணத்தைக் கொடுப்பது திறைசேரி. குளம் கட்டுவது ஒரு திணைக்களம், வீதி போடுவது இன்னொன்று, குழாய்நீர் கொடுப்பது மற்றொன்று. ஆண்டின் நடுப்பகுதியில் திறைசேரி ஒரு சுற்றறிக்கை அனுப்பி, அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகளைக் கேட்கும். ஒவ்வொரு திணைக்களமும் பெரும்பாலும் சென்ற ஆண்டுத் தலைப்புகளையே எடுத்து, தொகையைச் சற்றுக் கூட்டி எழுதி அனுப்பும். கொள்கை ஆவணம் அலுமாரியில் இருக்க, மதிப்பீடு பழைய தடத்திலேயே போகும்.

ஒரு மதகை எடுத்துக்கொள்வோம். வயல்வெளிக்குக் குறுக்கே வீதியை உயர்த்திப் போடுகின்றார்கள். பழைய மழைக் கணக்கை வைத்து மதகின் அகலத்தைத் தீர்மானித்தால், புதிய மழைக்கு அது போதாது. வீதி அணைக்கட்டாகிவிடும். ஒரு பக்கத்து வயல் அழுகும், மறுபக்கத்துக் குளம் நிரம்பாது. சற்று அகலமான மதகுக்கு மேலதிகமாகத் தேவைப்படும் தொகை முழு வீதிச் செலவில் மிகச் சிறியது. அந்தத் தொகை வீதியின் மதிப்பீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். காலநிலை மாற்றத்தைத் திட்டமிடலுக்குள்ளும் வரவு செலவுக்குள்ளும் கொண்டுவருவது என்று பெரிய மாநாடுகளில் பேசப்படுவது இதுதான். தனியாக ஓர் அமைச்சும் ஒரு பெயர்ப்பலகையும் வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை.

இப்படிச் செய்யாவிட்டால் எப்படிக் கட்ட வேண்டியிருக்கும் என்பதை நாடு முழுவதும் கண்டது. 2025 கார்த்திகை 28ஆம் திகதி டித்வா தாக்கியது. 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். மலையகத்தில் குடும்பம் குடும்பமாக மண்ணுக்குள் போனார்கள். ஒரு வாரம் கழித்து, மார்கழி 5ஆம் திகதி, அதற்கு முன்பே தயாரிக்கப்பட்டிருந்த 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதே மாதத்தில் 500 பில்லியன் ரூபாவுக்குக் குறைநிரப்பு மதிப்பீடு ஒன்றைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. நிவாரணம் கொடுக்கத்தான் வேண்டும், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் 2022இல் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் நின்ற ஒரு நாட்டுக்கு, ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் இப்படிப் பணம் தேட முடியுமா?

காலநிலையின் பெயரால் முன்பின் யோசியாமல் செய்வதும் ஆபத்தே. 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதியை ஒரே நாளில் தடை செய்தார்கள். மாற்று உரத்துக்குப் போதிய ஒழுங்கோ, பரீட்சார்த்தமோ, நட்டத்துக்கு ஒதுக்கீடோ இருக்கவில்லை. அதே ஆண்டிலேயே தடை தளர்த்தப்பட்டது, ஆயினும் விளைச்சல் விழுந்தது. நட்டம் கமக்காரனின் தலையில் விழுந்தது.

அயலவர் செய்தது

வங்காளதேசம் எம்மைவிடச் செல்வந்த நாடு அல்ல. ஆனால் 2009இல் காலநிலை மாற்றத்துக்கான தந்திரோபாயத் திட்டம் ஒன்றை எழுதி, 2010இல் வெளிநாட்டாரின் கையைப் பாராமல் தன் சொந்த வருமானத்தில் ஒரு நிதியத்தை ஏற்படுத்தியது. பின்னர் 2017-18 நிதியாண்டு தொடக்கம், வரவு செலவுத் திட்டத்துடன் சேர்த்து, எந்த அமைச்சு காலநிலைக்காக எவ்வளவு செலவிடுகின்றது என்ற அறிக்கையையும் வெளியிடத் தொடங்கியது. ஆறு அமைச்சுகளில் ஆரம்பித்தது படிப்படியாக விரிந்தது. நேபாளம் 2012இலேயே ஒவ்வொரு செலவுத் தலைப்புக்கும் அடையாளக் குறி இடத் தொடங்கியது. திட்டத்தின் செலவில் அறுபது வீதத்துக்கு மேல் காலநிலையோடு தொடர்புடையதாயின் ஒரு குறி, இருபதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டதாயின் இன்னொரு குறி, குறைந்தால் வேறு குறி. காலநிலைக்கென வரும் நிதியில் 80 வீதம் ஊர் மட்டத்தைச் சென்றடைய வேண்டும் என்றும் அந்நாட்டின் 2011ஆம் ஆண்டுக் கொள்கை சொன்னது.

குறி இட்டதால் அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பழைய செலவுக்குப் புதிய குறியை ஒட்டிக் கணக்குக் காட்டுவதும் நடக்கும். ஆயினும், குறி இருந்தால் கேள்வி கேட்க ஒரு பிடி இருக்கின்றது. பிடி இல்லாத கத்தியை யார் தூக்குவது?

கணக்கில் இல்லாத ஊர்

இனி எமது வீட்டுக் கதைக்கு வருவோம். திட்டமிடுவோர் முதலில் கேட்பது தொகை: எத்தனை குடும்பம், எத்தனை ஏக்கர், எத்தனை கிணறு? 1981ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டுக்குப் பிறகு, 2012 வரை யாழ்ப்பாணத்தில் முழுமையான குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள். 1981இல் ஏழு இலட்சத்துக்கு மேல் இருந்த மாவட்டம் 2012இல் ஆறு இலட்சத்துக்குக் கீழே நின்றது. அந்த இடைவெளியில் போனவர்களில் தீவகத்தாருக்குப் பெரும் பங்குண்டு. வேலணை, சரவணை, புங்குடுதீவு என்று ஊர் ஊராகப் பூட்டிய வீடுகள். குடியிருப்போர் தொகை குறைந்த இடத்துக்கு ஒதுக்கீடும் குறையும். ஒதுக்கீடு குறைந்தால் குளம் தூரும், வாய்க்கால் மூடும், கிணறு உவராகும். உவரான கிணற்றுக்கு யார் திரும்பி வருவார்கள்? வராததால் தொகை இன்னும் குறையும்.

தேசிய திட்டங்கள் பொதுவாக ஆற்றுப் படுக்கைகளை அலகாகக் கொள்வதும் எமக்குப் பாதகம். பசுமைக் காலநிலை நிதியத்தின் உதவியுடன் 2016இல் அங்கீகரிக்கப்பட்ட பெரிய நீர்த்திட்டம் மல்வத்து ஓயா, மீ ஓயா, யான் ஓயாப் பள்ளத்தாக்குகளுக்கு உரியது. அங்குள்ள கமக்காரருக்கு அது தேவை, மறுக்கவில்லை. ஆறே இல்லாத தீவு எந்த அலகுக்குள் வரும் என்பதே என் கேள்வி. பயிர்க் காப்புறுதியிலும் இதே கதை. அரசு இலவசக் காப்புறுதிக்குத் தெரிந்தெடுத்த ஆறு பயிர்களில் பெரிய வெங்காயமும் உருளைக்கிழங்கும் இருந்தன. எங்கள் சின்ன வெங்காயம் இருக்கவில்லை.

மற்றவர் கண்ணில் பட்டால் மட்டும் தீவுக்குக் காசு வரும் போலும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குச் சூரிய, காற்று மின்சாரம் வழங்கும் திட்டம் 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. இந்தியா ஆட்சேபித்தது. 2022இல் இந்தியா நன்கொடை தர உடன்பட்டது. 2024இல் ஓர் இந்திய நிறுவனத்துடன் ஒப்பந்தமாயிற்று. இரண்டு பெரிய நாடுகள் போட்டியிட்டதால் விடயம் நகர்ந்தது, நல்லது. எமது குளங்களுக்காக யாரும் போட்டியிடப் போவதில்லை.

எங்கே கேட்பது?

2025 வைகாசித் தேர்தலுக்குப் பிறகு பிரதேச சபைகள் மீண்டும் இயங்குகின்றன. வேலணைப் பிரதேச சபைக்கும் தனி வரவு செலவுத் திட்டம் உண்டு. ஆண்டிறுதியில் அதன் வரைவு பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படும். போய்ப் பாருங்கள். சாட்டிக் கிணறுகளின் பாதுகாப்புக்கு, குளங்களுக்கு, மதகுகளுக்கு என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்று கேளுங்கள். பிரதேச, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக்களில் கமக்காரர் அமைப்பின் கடிதம் எடுபடும். ஆனால் அது திறைசேரிக்கு மதிப்பீடுகள் போவதற்கு முன்பு, ஆடி மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். மார்கழியில் கொடுத்தால் அது அடுத்த ஆண்டுக்கு உரியது அல்ல, அதற்கு அடுத்த ஆண்டுக்கு. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். வெளியே வாழும் காணிக்காரரும் தம் காணி, கிணறு பற்றிய விபரத்தை அமைப்பிடம் பதிந்துகொள்வது நல்லது. ஊரில் இல்லாதவனின் கிணறும் அதே நீர்வில்லையில்தான் இருக்கின்றது.

சென்ற மாதம் இப்படியொரு கடிதத்தின் வரைவை எடுத்துக்கொண்டு, அந்தச் சோடாப் போத்தல் பெரியவரிடம் போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, இரண்டு முறை வாசித்தார். "குளத்தைத் தூர்வாருறதை மட்டும் எழுதிப்போட்டு விட்டிட்டியள், சுவாமி. வாய்க்காலை எழுதேல்லை. வாய்க்கால் இல்லாட்டில் தண்ணி குளத்துக்கு எப்பிடி வரும்?" என்றார். பிறகு பேனாவை வாங்கி, எந்த வேலியோரமாக எந்த வாய்க்கால் ஓடியது என்று கடிதத்தின் பின்பக்கத்தில் கீறத் தொடங்கினார்.