உஷார்! உங்கள் பேஸ் ஆம்ப்பைப் பெட்டியே கொன்றுவிடும்

பேஸ் கிட்டார் வாசிக்கிறவரா? புதிதாக வாங்கிய சின்ன ஆம்ப் ஹெட்டுக்குப் பொருத்தமாக ஒரு ரேக்கோ கேஸோ தேடிக்கொண்டிருக்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கீழே விழுந்து உடையுமோ என்று பயந்து வாங்கும் பெட்டியே ஆம்ப்பின் கதையை முடித்துவிடக்கூடும்.

முதலில் பழைய கனத்த ஆம்ப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. 300 வாட். அதன் ஹெட் மட்டுமே 35 கிலோவுக்கு மேல். மேடையேற்ற இரண்டு ஆள் வேண்டும். இன்று அகிலார் டோன் ஹாமர் 500 இரண்டு கிலோவுக்குள் 500 வாட் தருகிறது. ட்ரேஸ் எலியட் எல்ஃப் முக்கால் கிலோகூட இல்லை, 200 வாட். கிளாஸ் டி சுற்றும் ஸ்விட்சிங் பவர் சப்ளையும் செய்த வேலை இது. இவற்றில் சூடு குறைவு என்பது உண்மை. ஆனால் அந்தக் கொஞ்சச் சூட்டையும் உள்வாங்கிக்கொள்ளப் பழைய ஆம்ப்பில் இருந்த கனமான இரும்பு இங்கே கிடையாது. பல மாடல்களில் எல்லாப் பாரமும் ஒரு குட்டி ஃபேன் தலையில்.

அந்த ஃபேனின் கழுத்தை நெரிப்பதுதான் ஃபோம் வைத்த கேஸ். ஆம்ப்பின் அளவுக்கே அச்சாக வெட்டிய ஃபோம், பார்க்க அம்சமாக இருக்கும். மூடியைத் திறந்து, ஆம்ப்பை வெளியே எடுக்காமலே கேபிளைச் சொருகி வாசிக்கிறார்கள். கூடவே கூடாது! காற்று போகும் துளைகள் பக்கவாட்டிலோ அடியிலோ இருந்தால் ஃபோம் அவற்றை அப்படியே அடைத்துவிடும். நான்காவது பாட்டின் நடுவில் சத்தம் நின்றுபோனால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சுற்று வேலை செய்திருக்கிறது. நிற்காமல் தினமும் வெந்துகொண்டே ஓடினால் உள்ளே கெபாசிட்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வறண்டுபோகும். ஃபோம் கேஸ் தூக்கிப்போக மட்டும்தான். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் மலிவான ஃபோம் சில வருடங்களில் பிசுபிசுத்து உதிரும் என்பதையும் மறக்க வேண்டாம். அந்தத் தூளை ஃபேன் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சரி, ரேக்கே வாங்கிவிடலாம் என்கிறீர்களா? அங்கேதான் பெரிய வில்லங்கம். ரேக்கின் முன்பலகை அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மி.மீ. உயரத்தை அளக்கும் அலகான ஒரு யூ, 44.45 மி.மீ. சின்ன ஹெட்டுகள் பலவும் இந்த அகலத்தில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பக்கவாட்டில் காது போன்ற பட்டை வைத்துப் பொருத்த வழியில்லாத மாடல் என்றால் உள்ளே ஒரு தகரத் தட்டு போட்டு அதன்மேல் உட்கார வைக்க வேண்டும். "அடியில இருக்கிற ரப்பர் காலைக் கழட்டிட்டு, அந்த ஓட்டையிலேயே நல்ல நீளமான ஸ்க்ரூ போட்டு இறுக்கிடலாம் சார்" என்பார் கேஸ் செய்கிறவர். கையைப் பிடித்துத் தடுங்கள்!

அந்த ஓட்டைக்கு மேலே சர்க்யூட் போர்டு சில மில்லிமீட்டர் தூரத்தில்தான் இருக்கும். ஸ்க்ரூ நீண்டு அதைத் தொட்டால் என்ன ஆகும்? ஸ்விட்சிங் சப்ளையில் நம் 230 வோல்ட் ஏசி, டிசியாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட். எர்த் சரியாக இருந்தால் ஃபியூஸ் போகும், ஆம்ப் போகும், ஆள் பிழைத்துக்கொள்வார். திருவிழாப் பந்தலில், ஜெனரேட்டர் லைனில், மூன்றாவது பின் பேருக்கு நிற்கும் பிளக்கில் மாட்டியிருந்தால்? ஆம்ப்பின் கூடு, கேபிளின் ஷீல்டு, கிட்டாரின் பிரிட்ஜ், கம்பி என்று மின்சாரம் நேராக உங்கள் விரலுக்கு வரும். மைக்கில் உதடு பட்டால் அதோடு சரி. பழைய ஸ்க்ரூவில் ரப்பர் காலுக்குள் இருந்த பகுதியைக் கழித்துவிட்டு, ஆம்ப்புக்குள் போயிருந்த நீளத்தோடு மட்டும் தட்டின் தடிமனைச் சேருங்கள். அதற்கு மேல் அரை மில்லிமீட்டர்கூட வேண்டாம். சந்தேகமாக இருந்தால் ரப்பர் காலைத் தொடாமல், குறுக்கே பட்டை போட்டுக் கட்டுங்கள். ஒட்டும் வெல்க்ரோவை மட்டும் நம்பாதீர்கள். சித்திரை வெயிலில் பூட்டிக் கிடக்கும் வேனுக்குள் அதன் பசை இளகிவிடும்.

இன்னொன்று, கைவேலை தெரிந்தவர்களுக்கு. ஸ்பீக்கர் இணைப்பை ரேக்கின் முன்பக்கம் கொண்டுவர உலோகப் பலகையில் உலோக ஜாக் அடிக்காதீர்கள். கிளாஸ் டி ஆம்ப் பலவற்றில் வெளியீட்டின் இரண்டு முனையும் உயிருள்ளவை, எதுவும் எர்த் அல்ல. ஜாக்கின் உடல் பலகையைத் தொட்டால் ஆம்ப் ஷார்ட் ஆகும். பிளாஸ்டிக் உடல் கொண்ட ஸ்பீகான் போடுங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கிறதே என்று சிசிடிவி ரேக் வாங்குகிறவர்களும் உண்டு. அகலம் என்னவோ அதே 19 அங்குலம்தான். ஆனால் அது சுவரில் மாட்டிவிட்டு மறந்துபோக வேண்டிய பெட்டி. வேனில் நான்கு ஊர் குலுங்கினால் அதன் மெல்லிய தகடு கோணும், கண்ணாடிக் கதவு நொறுங்கும். பிளைவுட் ஃப்ளைட் கேஸ் உறுதிதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு கிலோ ஆம்ப்புக்கு எட்டு கிலோ பெட்டியா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! உள்நாட்டு விமானத்தில் கையோடு கொண்டுபோக இண்டிகோ அனுமதிப்பது 7 கிலோ. பெட்டியே அதைத் தின்றுவிட்டால் ஆம்ப் லக்கேஜில் போய் உருள வேண்டியதுதான். ஒரே ஒரு ஹெட் வைத்திருப்பவருக்குத் தடித்த பஞ்சு வைத்த தோள்பையே போதும் என்பது என் கட்சி. ஒரே நிபந்தனை, மூன்று பின் பவர் கார்டை ஆம்ப்போடு சேர்த்துத் திணிக்காதீர்கள். அதன் பித்தளைப் பின் குமிழ்களைப் பதம் பார்த்துவிடும். ட்யூனர், ஒயர்லெஸ், ஆம்ப் மூன்றையும் ஒன்றாக மாட்டுகிறவருக்கு மட்டும் ரேக் அவசியம். அப்போதும் ஆம்ப்புக்கு மேலே ஒரு யூ காலியாக விட்டு, ஓட்டை போட்ட பலகையால் மூடுங்கள்.

ரேக் வாங்கக் கடைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். ஆம்ப்பையும் ஸ்பீகான் கேபிளையும் எடுத்துப்போங்கள். கேபிளைச் சொருகிய நிலையிலேயே பின்பக்கம் மூன்று விரல் இடம் மிஞ்ச வேண்டும். கேபிளைக் கழற்றிவிட்டு முன்மூடியைப் போடும்போது குமிழ்களில் இடித்தால், பலகையைச் சற்று உள்ளே தள்ளி அமைத்துத் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் அடுத்த கடை பாருங்கள்.