கடைக்குக் காப்புறுதி இருக்கிறது, வெள்ளத்துக்கு இருக்கிறதா?

"கடைக்கு இன்சூரன்ஸ் இருக்குதானே" என்று திடமாகச் சொல்லும் வியாபாரிகளை காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கல்முனையிலும் நான் அடிக்கடி சந்திக்கின்றேன். "வெள்ளத்துக்கும் சேர்த்தா?" என்று கேட்டால்தான் பதில் தடுமாறும். "பேங்கில போட்டுத் தந்ததுதானே, எல்லாம் இருக்கும்" என்பார் ஒருவர். பத்திரத்தை இதுவரை பிரித்தே பார்க்கவில்லை என்பார் இன்னொருவர். மாரி தொடங்கு முன்னர் இந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொரு வியாபாரியும் விடை அறிந்திருக்க வேண்டும். அதற்காகவே இப்பத்தி.

வெள்ளம் வரும் வழி

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. மேற்கே பெய்யும் மழைநீரும், உன்னிச்சை, உறுகாமம், நவகிரி ஆகிய குளங்களின் வான்கதவுகள் திறக்கப்படும்போது பாயும் நீரும் கடைசியில் இந்த வாவிக்கே வந்து சேர்கின்றன. வந்த நீர் கடலுக்குப் போக இரண்டு வாசல்களே உள்ளன. ஒன்று பாலமீன்மடு முகத்துவாரம், மற்றது பெரியகல்லாறு. வறண்ட மாதங்களில் மணல் திரண்டு வாசல் அடைபடும். மாரியில் அதனை வெட்டிவிடும் வரை வாவி மட்டம் உயர்ந்துகொண்டே போகும்.

எமது ஊர்கள் வாவிக்கும் கடலுக்கும் நடுவே, மேடு பள்ளம் இல்லாத தாழ்ந்த நிலத்தில் நெருக்கமாக அமைந்தவை. வாவி நிரம்பிவிட்டால் ஊரின் வடிகான் நீர் போக இடமின்றித் தேங்கும். ஆகவே, "ஆற்றங்கரை வீட்டுக்காரருக்குத்தான் பயம், பிரதான வீதிக் கடைக்கு என்ன?" என்று எண்ணுவது பொருந்தாது.

1957 டிசம்பர் வெள்ளத்தையும் 1978 நவம்பர் சூறாவளியையும் மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். 2011 ஜனவரியில் நாடு முழுவதும் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது மட்டக்களப்பு மாவட்டம். அந்த நீர் வடிந்து சில வாரங்களில், பெப்ரவரியில், மீண்டும் வெள்ளம் வந்தது. ஒரே மாரியில் இரண்டு தடவை நட்டம் வரலாம் என்பதை வியாபாரிகளாகிய நாம் மறக்கக் கூடாது. 2014 டிசம்பரிலும் வெள்ளம் வந்தது. 2025 நவம்பர் இறுதியில் கிழக்குக் கரையூடாக நுழைந்த டித்வா சூறாவளி நாடெங்கும் அறுநூறுக்கும் அதிகமான உயிர்களைப் பறித்தது.

நனைந்த சரக்கும் நனையாத காசோலையும்

எம்மில் பெரும்பாலானோர் புறக்கோட்டையில் கடனுக்குச் சரக்கெடுத்து, பின்திகதியிட்ட காசோலை கொடுத்து வருபவர்கள். கடைக்குள் இரண்டு அடி நீர் ஏறினால் கீழ்த்தட்டுப் புடவையும் அரிசி மூடையும் சீமெந்துப் பக்கெற்றும் போய்விடும். காசோலையின் திகதி மட்டும் தள்ளிப் போகாது. மருதமுனை நெசவாளிக்குத் தறியும் நூலும் நனைந்தால் அடுத்த மாத வருமானமே நின்றுவிடும். ஒரு வியாபாரியை விழுத்துவது பல வேளைகளில் வெள்ளம் அல்ல. அதற்குப் பிறகு வரும் கடன்தான்.

பத்திரத்தில் பார்க்க வேண்டியவை

முதலாவது, ஆபத்துகளின் பட்டியல். கடைகளுக்கு எடுக்கப்படுவது பெரும்பாலும் தீக் காப்புறுதி. தீயும் மின்னலும் அதன் அடிப்படை. சூறாவளி, புயல், வெள்ளம் ஆகியன மேலதிகக் கட்டணம் செலுத்திச் சேர்த்துக்கொள்பவை. அவை பெயர் குறித்து எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். சுனாமியையும் தனியே கேளுங்கள்.

இரண்டாவது, எந்தப் பொருளுக்குக் காப்பு? வங்கிக் கடனுக்காக எடுத்த பத்திரம் கட்டடத்தை மட்டும், அதுவும் கடன் தொகை அளவுக்கு மட்டும் காப்பதாக இருக்கலாம். அவ்வாறாயின் உள்ளே இருக்கும் சரக்குக்கு ஒரு சதமும் கிடைக்காது. வேறு தெருவில் களஞ்சியம் இருந்தால் அதன் விலாசமும் பத்திரத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, தொகை. கட்டணத்தைக் குறைக்க சரக்கின் பெறுமதியைக் குறைத்துச் சொல்வது எம்மிடையே உள்ள பழக்கம். இதில்தான் பலர் மாட்டிக்கொள்கின்றனர். 40 இலட்சம் ரூபா சரக்கை 20 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்துள்ளீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளத்தில் 10 இலட்சம் ரூபா சரக்கு பழுதாகின்றது. 20 இலட்சம் வரை இருக்கின்றதே, 10 முழுதாகக் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஆனால் பாதிப் பெறுமதிக்கே காப்பு எடுத்ததால் நட்டத்திலும் பாதிதான், அதாவது 5 இலட்சம்தான், கணக்கில் எடுக்கப்படும். இதைச் சராசரி விதி என்பர். பெருநாள் வியாபாரத்துக்காகச் சரக்கு இரு மடங்காகும் மாதத்தில் தொகையையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, கழிவுத் தொகை. ஒவ்வொரு நட்டத்திலும் ஒரு பகுதியை நீங்களே ஏற்க வேண்டும். வெள்ளத்துக்கு அது எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கும் இதே நான்கு கேள்விகள்தான். அமெரிக்காவில்கூட சாதாரண வீட்டுக் காப்புறுதியில் வெள்ளம் சேராது. 1968 முதல் அங்கு அரசாங்கமே அதற்கெனத் தனித் திட்டம் நடத்துகின்றது. அதிலும் பணம் கட்டி 30 நாட்கள் கழிந்த பின்னரே பொதுவாகக் காப்பு தொடங்கும். எச்சரிக்கை வந்த பிறகு ஓடிப் போய் எடுக்கும் பொருள் அல்ல இது.

தகாபுல்

வழமையான காப்புறுதி வேண்டாம் என்பதற்காகவே ஒன்றும் எடுக்காமல் இருப்பவர்கள் எம்மில் உண்டு. சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1985இல் வர்த்தகக் காப்புறுதியை மறுத்த அதே தீர்மானத்தில், பரஸ்பர உதவியில் அமைந்த கூட்டுறவுக் காப்புறுதியை மாற்றுவழியாகக் காட்டியது. பங்குபற்றுவோர் ஒரு பொது நிதிக்கு நன்கொடையாகப் பங்களித்து, நட்டமடைந்தவருக்கு அதிலிருந்து ஈடு செய்வதே அதன் அடிப்படை. இலங்கையில் 1999 முதல் இம்முறை உள்ளது. ஆனால் தகாபுல் என்ற பெயருக்காக வெள்ளம் தானாகச் சேர்ந்துவிடாது. மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் அங்கும் கேளுங்கள்.

அரசாங்கம் தரும் என்றிருக்கலாமா?

2016இல் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக வீடுகளுக்கும் சிறு வியாபாரங்களுக்கும் இயற்கை அனர்த்தக் காப்புத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. சொத்துச் சேதத்துக்கு 25 இலட்சம் ரூபா வரை என்பது அப்போது அதன் உச்ச வரம்பாக இருந்தது. உச்ச வரம்பு வேறு, கையில் கிடைப்பது வேறு. அரச உதவியின் தொகையும் நிபந்தனையும் அனர்த்தத்துக்கு அனர்த்தம், சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறும். கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் என்று போகும்போது வியாபாரப் பதிவு கையில் இல்லாதவர் தமக்குக் கடை இருந்ததை நிரூபிக்கவே அலைய நேரும். அந்த உதவியைப் பெறுங்கள். அதை நம்பி மட்டும் சரக்கு இறக்காதீர்கள்.

மாரிக்கு முன்

நவம்பர் பிறக்கு முன்னரே வெள்ளத்துக்கான காப்பை எழுத்தில் உறுதி செய்யுங்கள். மாதம் ஒரு தடவை இருப்புக் கணக்கெடுத்து, கொள்வனவு பில்களின் பிரதியை வேறிடத்தில் வையுங்கள். கடையின் உட்புறத்தைத் தொலைபேசியில் படமெடுத்து வெளியூரில் உள்ள ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். முன்னைய வெள்ளம் சுவரில் எவ்வளவு உயரம் ஏறியது என்று அயலாரிடம் கேட்டு, முதல் தட்டை அதற்கு மேல் அமையுங்கள்.

வெள்ளம் வந்துவிட்டால், கழுவித் துடைக்கு முன்னர் நீர்மட்டத்தையும் பழுதான சரக்கையும் படமெடுங்கள். உடனே நிறுவனத்துக்கு அறிவியுங்கள். மதிப்பீட்டாளர் பார்க்கும் வரை நனைந்த பொருளை வீச வேண்டாம். நட்டஈட்டில் தகராறு என்றால் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு, அதிலும் தீராவிடின் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம்.

இன்று கடையைப் பூட்டு முன்னர் அலுமாரியிலுள்ள அந்தப் பத்திரத்தை எடுத்து, 'வெள்ளம்' என்ற சொல் அதில் இருக்கின்றதா என்று தேடுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு வாசிப்பியுங்கள். இல்லையென்றால், நாளைக் காலை முதல் வேலை அதுதான்.