புதிய பிரேக் டிஸ்க்கில் துரு

சென்ற ஐப்பசியில் அடையாற்றுப் பக்கத்துச் சங்கமொன்றின் இருப்பைச் சரிபார்க்கச் சென்றிருந்தேன். சங்கத்தின் சிறு சரக்கு வண்டிக்கென ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கிய இரண்டு புதிய பிரேக் டிஸ்க்குகள், உறை பிரிந்து, செந்துரு படிந்து கிடங்கில் கிடந்தன. காரியதரிசி அவற்றைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடத் தீர்மானமும் எழுதி வைத்திருந்தார். நஷ்டம் அங்கத்தினர் பணமாதலால், கையொப்பத்தை நிறுத்தச் சொன்னேன்.

டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. காப்பு எண்ணெய் நீங்கி ஈரக்காற்றுப் பட்டால் ஓரிரவிலேயே துருவேறும். கடலை அடுத்த மயிலாப்பூர், அடையாறு பகுதிகளின் காற்றில் உப்பு கலந்திருக்கிறது; அது ஈரத்தை இழுத்து வைத்துத் துருவை விரைவுபடுத்துகிறது. அடைமழைக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே துருவைக் கண்டதுமே கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் எனக் கொள்வது நியாயமன்று.

பேட் உராயும் முகத்தில் மெல்லிய துரு இருப்பதால் கெடுதல் இல்லை. கொட்டகையில் துருப்பிடித்த கொழு நாலு சால் ஓடியதும் பளபளப்பதை உழவர் அறிவர். இதுவும் அவ்வாறே, சில முறை பிரேக் பிடித்ததும் தேய்ந்து போகும். முன்னதாக உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துவிடுதல் நன்று. நகத்தால் வருடும்போது குழி தட்டுப்பட்டால் மட்டும் அந்த டிஸ்க்கை ஏற்கலாகாது. சில டிஸ்க்குகளில் துருக்காப்பாகச் சாம்பல் நிறப் பூச்சு இருக்கும். அதைச் சுரண்ட வேண்டாம்.

அஞ்சத்தக்க துரு வேறிடத்தில் இருக்கிறது. டிஸ்க் சென்று உட்காரும் ஹப்பின் முகத்தில், தலைமயிர்ப் பருமனான, அதாவது சுமார் 0.07 மில்லிமீட்டர் துருச்செதில் சிக்கினாலும் போதும். டிஸ்க்கின் விளிம்பில் அக்கோணல் ஏறக்குறைய இரட்டிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேட்டில் உரசி மெலியும். சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பின் பிரேக் மிதி காலடியில் துடிக்கும். மிதிக்கும்போது வண்டி நடுங்கும். ஆதலின் ஹப் முகத்தையும், டிஸ்க்கின் உள்முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை துலக்க வேண்டும். தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பழைய பேட்களின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்.

அடுத்தது காப்பு எண்ணெய். அது பேட்டில் ஊறினால் பிரேக் பிடிக்காது. மண்ணெண்ணெயாலோ டீசலாலோ துடைக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அது எண்ணெயின் மேல் எண்ணெய் பூசுவதேயாகும். பிரேக் கிளீனர் இல்லாவிடில் சோப்பும் வெந்நீரும் போதும். உடனே துடைத்து உலர்த்த வேண்டும். பூட்டியபின், வண்டி நகருமுன் மிதி கெட்டிப்படும்வரை பலமுறை மிதித்துப் பார்த்தல் அவசியம். இதை மறந்தால் முதல் மிதி வெறுமனே இறங்கிவிடும். பின்பு பின்னால் வண்டி வராத சாலையில், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து, முழுதும் நிறுத்தாமல், பத்து முறை நிதானமாக வேகத்தைக் குறைத்துப் பழக்க வேண்டும்.

பிரேக் மிதி துடித்ததனாலேயே புதிய டிஸ்க் வாங்கினார்களாம். பழையதைக் கழற்றியபோது ஹப்பில் பொருக்குப் பொருக்காகத் துரு. அதைத் துலக்கிப் புதியவற்றையே பூட்டினர். தீர்மானத்தைக் காரியதரிசி தாமே அடித்துவிட்டு, இரண்டையும் உபயோகத்தில் உள்ளவையாகப் பதிவேட்டில் எழுதினார்.