தண்ணி ஏன் பச்சையாகிறது?

பாசிக்குடா என்ற பேரிலேயே பாசி இருக்கிறது. கல்லில் வழுக்கும் பாசி எல்லாருக்கும் தெரிந்ததுதான். கண்ணுக்குத் தெரியாமல் தண்ணியில் மிதந்து திரியும் பாசியும் உண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இதைத் தாவரப் பிளாந்தன் என்று படிப்பார்கள். மீன்குஞ்சும் இறால்குஞ்சும் வளர்வது இதை நம்பித்தான். உலகத்தில் உண்டாகும் ஒட்சிசனில் ஏறக்குறையப் பாதியைத் தருவதும் இதுதான். ஆகவே பாசி என்றாலே கெட்டது என்று நினைக்க வேண்டாம். அளவு மீறினால்தான் ஆபத்து.

நம்முடைய பக்கம் ஐப்பசி முதல் தை வரை மாரி. வெள்ளம் வயலில் போட்ட யூரியாவையும் தென்னைக்குப் போட்ட பசளையையும் அடித்துக்கொண்டு ஆற்றுக்கும் வாவிக்கும் வரும். பசளை வந்தவுடனே பாசி பெருகும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி இல்லை. அப்போது தண்ணி கலங்கல், வெயில் உள்ளே இறங்காது. ஓட்டமும் அதிகம், பாசியைக் கடலுக்குத் தள்ளிவிடும். மழை விட்டு, சேறு அடியில் படிந்து, முகத்துவாரத்தை மண் அடைத்த பிறகுதான் அதற்குக் கொண்டாட்டம். சத்து இருக்கிறது, வெயில் இருக்கிறது, தண்ணி அசையாது. சில நாளிலேயே பெருகிவிடும். கோடை முற்றி வாவி உவர்த்தால் நன்னீர்ப் பாசி குறைந்து, உப்பைத் தாங்கும் வகை தலையெடுக்கும்.

உவர் ஏறாத குளங்களில் கதை வேறு. அங்கே பச்சைப் பெயின்ற் ஊற்றினது போல ஆடை படர்ந்து நாற்றம் வந்தால், அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். உண்மையில் அது ஒரு பற்றீரியா. மலையகத்தில் கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991இல் இது பெரிய அளவில் பரவியது. இதில் சில வகை ஈரலைத் தாக்கும் நஞ்சை விடும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. இதை முக்கியமாகக் கவனியுங்கள், "காய்ச்சிக் குடித்தால் சரி" என்பது இங்கே சரிவராது. அப்படிப்பட்ட தண்ணியைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள். பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். மாட்டையும் இறக்காதீர்கள்.

பாசி மிஞ்சினால் இராவில் அதுவே தண்ணியிலுள்ள ஒட்சிசனை இழுத்துவிடும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திணறுவது அதனால்தான். செத்து மிதக்கும் மீனைப் பொறுக்கிக் கறி வைக்க வேண்டாம்.

பெருமழை வரும் அறிகுறி தெரிந்தால் பசளை போடுவதை ஒத்திவைக்கலாம். போட்டதை மண்ணால் மூடிவிடுங்கள். வெறும் பசளைச் சாக்கைக் குளத்தில் அலசுவதையும் விட்டுவிடுங்கள்.