துப்பறி கதையும் அனுமானச் சுவையும்

துப்பறியும் சிறுகதையின் சுவை கொலையிலோ களவிலோ இல்லை. கண்டது கொண்டு காணாததைத் துணியும் முறையிலேயே உள்ளது. ஆர்தர் கொனன் டொயில் 1891ஆம் ஆண்டு வெளியிட்ட 'பொஹீமியாவில் ஓர் அவதூறு' இதற்குத் தக்க சான்று. ஷேர்லொக் ஹோம்ஸைத் தலைவனாகக் கொண்ட சிறுகதைகளுள் முதலாவது இதுவே.

அன்புவழிபுரத்து வாசகர் இதன் தொடக்கத்தில் ஒருகணம் நின்றுவிடுவர். திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்க்கு நேர்ந்த விபரீதத்தை ஹோம்ஸ் துலக்கினான் என்றொரு செய்தி அங்கே வருகிறது. ஊர்ப்பெயர் உவகை தருகிறது, கதைச்சுவை பிறக்கவில்லை. துலக்கிய வழியை ஆசிரியர் கூறாது விட்டமையே காரணம்.

தன் அறைக்கு ஏறும் படிகள் 17 என்பதை ஹோம்ஸ் அறிவான். பன்னூறு முறை ஏறிய நண்பன் வாட்சன் அறியான். காண்டல் இருவர்க்கும் பொது. கருத்திற் கொண்டவன் ஒருவனே.

புகை கண்டு நெருப்பைத் துணிதல் தருக்கம் பயில்வோர் நன்கறிந்த எடுத்துக்காட்டு. ஹோம்ஸ் அதனையே பொறியாக்குகிறான். ஐரீன் அட்லர் என்பாள் ஒளித்துவைத்த புகைப்படம் எங்குள்ளதென அறிய, வாட்சனைக் கொண்டு அவள் வீட்டினுள் புகைக்குழலொன்றை எறிவித்துத் தீயென்று கூவச் செய்கிறான். வீட்டில் தீயில்லை, புகையே உண்டு. அவளோ படத்தை நோக்கி விரைகிறாள், இடம் வெளிப்பட்டுவிடுகிறது!

முடிவை அறிந்தாற் சுவை கெடும் என்பாருமுளர். அது பொருந்தாது. அன்றிரவு ஹோம்ஸின் வாயிலருகே ஓர் இளைஞன் அவன் பெயர் கூறி வணக்கஞ் சொல்லிப் போகிறான். ஆணுடை பூண்ட ஐரீனே அவ்விளைஞன். அக்குரலை முன்னர்க் கேட்டதாக நினைந்தும் ஹோம்ஸ் ஆளைத் தேறவில்லை. படிக்கணக்கால் நண்பனைத் திருத்தியவன் இவனே என்னும் நகை, இரண்டாம் முறை படிப்போர்க்கே புலனாகும். மறுநாட் காலையில் ஹோம்ஸ் அவ்வீட்டை அடைந்தபோது, தன் தனிப்படம் ஒன்றையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டு அவள் போயிருந்தாள்.