முந்திரியைப் பூவிலேயே விற்க வேண்டாம்



கோவளம் பக்கம் கடற்கரை மணலில் நாலைந்து முந்திரி மரம் வைத்திருக்கும் உறுப்பினர்களுக்காக இதை எழுதுகிறோம். "முந்திரியை யாரு பார்க்கிறா, தானா காய்க்கும்" என்போம். பார்த்துக்கொண்டால் இன்னும் காய்க்கும்.

காய்ப்பு முடிந்து ஆனி, ஆடியில் காய்ந்த கிளை, உரசும் கிளைகளை வெட்டுங்கள். வெயில் படும் நுனியில்தான் பூ வரும். அடிமரத்தையும் குனிந்து பாருங்கள். பிசினும் மரத்தூளும் தெரிந்தால் உள்ளே தண்டுத் துளைப்பான் புழு. செதுக்கி எடுக்காவிட்டால் மரமே பட்டுப்போகும். ஐப்பசி ஈரத்தில் வளர்ந்த மரத்துக்கு 50 கிலோ தொழு உரம், தண்டை ஒட்டாமல், வட்டமாக.

கார்த்திகை முதல் மாசி வரைதான் கண்டம். தேயிலைக் கொசு துளிரிலும் பூவிலும் சாறு உறிஞ்சும், கொத்து கருகும். பனியில கருகிடுச்சுன்னு விட்டுடறோம். கருகிய கொத்தைத் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டி மருந்து கேளுங்கள். பழைய எண்டோசல்பான் கிடந்தால் தொடாதீர்கள். காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் தெளித்து ஊரே பாதிக்கப்பட்டது, 2011ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது.

இன்னொரு கொசு பொங்கல் செலவு! பூவைப் பார்த்து வியாபாரி தரும் முன்பணத்துக்கு மரத்தை விட்டுவிட்டால், பங்குனி, சித்திரையில் எவ்வளவு கொட்டினாலும் அவருக்குத்தான். அந்தப் பணத்தைக் குழுவில் உள்கடனாகக் கேளுங்கள், கொட்டை விற்றுக் கட்டலாம். உதிர்ந்ததைப் பொறுக்கி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, நாலு பேர் சேர்ந்து எடை போடுங்கள்.